பாதி வழியில் நின்ற ஆறு

ஆனையிறவு: வரலாற்றுத் தொடர் – பகுதி 7

போன வாரங்களில் இந்தத் தொடர் யானைகளின் பின்னால் நடந்தது. வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகள் ஆனையிறவின் ஆழம் குறைந்த பரவைக்கடலைக் கடந்து குடாநாட்டுக்குள் வந்தன. ஊர்காவற்துறையில் கப்பல் ஏறின. அந்த வழியைக் காக்க ஒல்லாந்தர் ஆனையிறவு, பெஸ்கூட்டர், பைல் என்று மூன்று சிறு கோட்டைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் ஆனையிறவுக் கோட்டை வாடிவீடு ஆனது. 1905இல் ரயில் வந்தது. 1930களின் பிற்பகுதியில் உப்பளம் வந்தது.

இந்த வாரம் வருவது ஓர் ஆறு. வந்திருக்க வேண்டிய ஆறு என்று சொல்வதே சரி.

வலப்பக்க யன்னல்

கண்டி வீதியில் பரந்தனையும் உமையாள்புரத்தையும் தாண்டி யாழ்ப்பாண பஸ் ஆனையிறவுக்குள் நுழையும்போது, இடப்பக்க யன்னலில் இருப்பவர் ஒரு கடலைப் பார்ப்பார். வலப்பக்க யன்னலில் இருப்பவர் வேறொரு கடலைப் பார்ப்பார்.

இடப்பக்கம் யாழ்ப்பாணக் கடல்நீரேரி. பூநகரியைத் தொட்டுக்கொண்டு மேற்கே விரிந்து தீவுகளைத் தாண்டிப் பெருங்கடலோடு சேரும். வலப்பக்கம் ஆனையிறவு நீரேரி. கிழக்கே சுண்டிக்குளம் வரை போய், ஒரு மணல் திட்டில் முட்டி நிற்கும். திட்டுக்கு அப்பால் வங்காள விரிகுடா. (சென் ஜோன்ஸ் கல்லூரியும் மகளிர் கல்லூரியும் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. அது நகரத்தின் ஓரம். இது பறவைகளின் ஊர். 1938இல் சரணாலயம் ஆகி, 2015இல் தேசியப் பூங்கா ஆனது.)

பயணிக்கு இது ஒரு காட்சி, அவ்வளவுதான். சிப்பாய்க்கு இது ஒரு வாசல். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர் இதே இடத்தைப் பார்த்தபோது அவருக்கு வேறொன்று தெரிந்தது: முக்கால்வாசி கட்டி முடிந்துவிட்ட ஒரு குளம்.

மேற்கே வீதியும் ரயில் பாதையும் போட்டிருக்கும் மண் அணை ஏற்கெனவே ஒரு குளக்கட்டு. அதில் தண்ணீர் போய்வரும் வாய்களை அடைத்தால் போதும். தெற்கும் வடக்கும் நிலம். கிழக்கே சுண்டிக்குளத்து முகத்துவாரத்தில் மட்டும் ஒரு கட்டுப் போட்டால் நான்கு பக்கமும் அடைபடும்.

உள்ளே வருவதற்குத் தண்ணீர் வேண்டாமா? அதுவும் இருந்தது. வவுனியாப் பக்கத்தில் பிறக்கும் கனகராயன் ஆறு வன்னியை நெடுக்காகக் கடந்து, இரணைமடுவில் தேங்கி, மிச்சத்தைக் கொண்டுவந்து கொட்டுவது இந்த நீரேரிக்குள்தான். கொட்டிய தண்ணீர் மாரியில் சுண்டிக்குளத்து மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். கோடையில் நீரேரியில் எஞ்சுவது உவர். சோளகம் வீசும் மாதங்களில் அதுவும் வற்றி, வெடித்த தரையில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

மழைக்காலத்தில் ஓர் ஆறு முழுதாக வந்து சேர்கிறது. அதன் வடக்கே சில மைல் தூரத்தில் ஆறே இல்லாத ஒரு குடாநாடு கிடக்கிறது.

கிணற்றின் கணக்கு

யாழ்ப்பாணத்தின் தண்ணீர்க் கதையை ஒரு வரியில் சொல்வதென்றால், அங்கே மழை நிலத்தில் ஓடுவதில்லை, நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது. அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். வெடிப்பும் பொந்தும் குகையும் நிறைந்த கல். மழைத் தண்ணீர் அதற்குள் போய், கீழே இருக்கும் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. மாரியில் ஓடும், பிறகு பெயர் மட்டும் இருக்கும். மற்றபடி துலா மிதித்து இறைத்ததும், பின்னால் மோட்டார் வைத்து இறைத்ததும் இந்த மிதக்கும் நன்னீரைத்தான்.

இந்தத் தண்ணீருக்கு ஒரு கடுமையான கணக்கு இருக்கிறது. நன்னீர் கடலை விடச் சற்று எடை குறைந்தது. அதனால் நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு உப்பைத் தள்ளி வைக்கும். அந்த ஓர் அடியை இறைத்து முடித்துவிட்டால் கீழிருந்து உப்பு 40 அடி மேலேறி வரும். கிணறு உவர்த்துப் போனது என்று கமக்காரர் சொல்வது இதைத்தான்.

ஆகவே குடாநாட்டுக்கு உள்ளே கிடக்கும் நீரேரிகளில் உப்பு நிற்கிறதா நன்னீர் நிற்கிறதா என்பது சின்ன விஷயம் இல்லை. நீரேரியில் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீர் கடலுக்கு வடிவது குறையும். ஊர் ஊராகக் கால்வாய் வெட்ட வேண்டியதில்லை. கல்லின் பொந்துகளே கால்வாய்கள்.

இது 20ஆம் நூற்றாண்டில் யாரோ திடீரென்று கண்டுபிடித்த யோசனை அல்ல. 1869 முதல் 1896 வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த ட்வைனம் துரை இதைப் பற்றி யோசித்திருக்கிறார். பின்னால் அதே பதவிக்கு வந்த ஹோர்ஸ்பரோவும் யோசித்திருக்கிறார். யோசனைகள் கோப்பில் ஏறின. கோப்புகள் அலுமாரியில் ஏறின.

1954

நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம், 1954இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அதன் தலைப்பு, தமிழில் சொன்னால், யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு.

அரசாங்க உத்தியோகத்தர் எழுதும் அறிக்கைக்கு இப்படி ஒரு தலைப்பு வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். அறிக்கையின் உள்ளே இருந்ததோ சுத்தமான கணக்கு. தனித்தனியாகக் கிடந்த பழைய யோசனைகளை அவர் ஒரே கயிற்றில் கோத்தார்.

வன்னியில் விழும் ஒரு துளியைப் பின்தொடர்ந்தால் அவருடைய திட்டம் விளங்கும்.

துளி கனகராயன் ஆற்றில் இறங்குகிறது. இரணைமடுக் குளம் நிறைந்து வான் பாய்கிறது. ஆறு அதை ஆனையிறவு நீரேரிக்குக் கொண்டுவருகிறது. மேற்கே வீதி அணையும் கிழக்கே சுண்டிக்குளம் கட்டும் அதை வெளியே விடுவதில்லை. மிஞ்சிய வெள்ளம் மட்டும் சுண்டிக்குளத்து வானால் கடலுக்குப் போகிறது. நீரேரியின் வடகரையில் முள்ளியான். அங்கிருந்து வடக்கே நான்கு கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு வாய்க்கால். அதன் வழியே துளி வடமராட்சி நீரேரிக்குள் விழுகிறது. இப்போது அது குடாநாட்டின் நடு வயிற்றில் நிற்கிறது. வடக்கே தொண்டைமானாற்றில் ஒரு தடுப்பணை. இன்னொரு கிளையான உப்பாறு தெற்கே அரியாலையில் கடலோடு சேரும் இடத்தில் இன்னொரு தடுப்பணை. வெளியேற வழியில்லாத துளி மெல்ல மெல்லக் கல்லுக்குள் இறங்கிக் கோப்பாயிலோ புத்தூரிலோ யாரோ ஒருவரின் கிணற்றில் ஊறுகிறது.

வவுனியாவில் பெய்த மழை வலிகாமத்தில் இறைபடும். இதுதான் திட்டம்.

முதல் வருடமே நன்னீர் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. நூற்றாண்டுகளாக உப்புக் குடித்த தரை அது. ஒவ்வொரு மாரியிலும் நன்னீரை நிரப்பி, உப்புக் கரைந்த தண்ணீரைக் கதவு திறந்து வெளியேற்றி, அடுத்த மாரிக்கு மறுபடி நிரப்ப வேண்டும். சில வருடங்கள் கழுவிய பிறகுதான் நீரேரி நன்னீரேரி ஆகும். பொறுமை வேண்டிய வேலை. கதவைத் திறக்கவும் மூடவும் நேரம் தெரிந்த ஆள் வேண்டிய வேலை.

பலகைக் கதவுகள்

நூல் வருவதற்கு முன்பே வேலை வடக்கு முனையில் தொடங்கியிருந்தது. தொண்டைமானாறு தடுப்பணை 1953இல் முடிந்தது.

செல்வச்சந்நிதிக்குப் பக்கத்தில் கடலை மறித்து நின்ற அந்த அணை, முதலில் தன் வேலையைச் செய்தது. கடல் உள்ளே வருவது நின்றது. மாரித் தண்ணீர் உள்ளே தங்கியது. அடுத்து அரியாலை அணையும் வந்தது. கரையோரத்து உவர்த் தரவைகளில் சில நெல் வயலாக மாறும் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால் அணைகளில் இருந்தவை பலகைக் கதவுகள். உப்புத் தண்ணீரில் கிடக்கும் பலகை உக்கும். உக்கிய பலகையை மாற்ற வேண்டும். மாற்றப் பணமும் ஆளும் வேண்டும். கதவு ஒழுகத் தொடங்கினால், கழுவி எடுத்த உப்பு ஒரே கோடையில் திரும்பி வந்துவிடும். இன்னொரு பக்கம், நீரேரியில் இறால் பிடித்துச் சீவித்தவர்களுக்கு மூடிய கதவு நட்டம். கமக்காரருக்குத் திறந்த கதவு நட்டம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து கதவின் நேரத்தைத் தீர்மானிக்கும் ஓர் உறுதியான அமைப்பு உருவாகவில்லை.

என் பார்வையில் திட்டத்தின் முதல் விரிசல் இங்கேதான். பொறியியலில் பிழை இல்லை. பராமரிப்பு என்ற, யாரும் பெயர்ப்பலகை திறந்து வைக்காத வேலையில்தான் பிழை.

முள்ளியான்

1960களில் வேலை ஆனையிறவுக்கு வந்தது. திட்டத்தின் உயிர் இங்கேதான் இருந்தது. வடக்கே கட்டிய இரண்டு அணைகளும் குடாநாட்டில் விழுந்த மழையை மட்டும் பிடித்து வைத்தன. வன்னியின் ஆறு வந்து சேர்ந்தால்தான் அந்த நூலின் தலைப்பு உண்மையாகும்.

வீதி அணையின் பக்கம் வேலை நடந்தது. சுண்டிக்குளத்தில் கட்டு எழும்பியது. முள்ளியானில் வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள்.

சுண்டிக்குளம் கட்டு எதை எதிர்த்து நின்றது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் வங்காள விரிகுடா. மறுபக்கம் ஒரு முழு ஆற்றின் வெள்ளம். கார்த்திகை, மார்கழியில் இரண்டும் ஒரே நேரத்தில் கோபப்படும். அடியில் இருப்பது கல் இல்லை, மணல். வெள்ளம் வந்தது. கட்டு உடைந்தது. ஆறு தன் பழைய வழியே கடலுக்குப் போனது.

உடைந்த கட்டைத் திருத்தலாம். இரணைமடுவையும் முத்தையன்கட்டையும் வவுனிக்குளத்தையும் திருத்திய நாட்டுக்கு அது முடியாத காரியம் இல்லை. ஆனால் முள்ளியான் வாய்க்காலுக்கும் பணம் நின்றது. பெரும் பகுதி வெட்டியாகிவிட்டது, மிச்சம் கிடந்தது. நான்கு கிலோமீற்றரில் கடைசித் துண்டு.

வாய்க்காலின் விதி இதுதான். முக்கால்வாசி வெட்டிய வாய்க்காலில் முக்கால்வாசித் தண்ணீர் வராது. ஒரு துளியும் வராது.

பழியை எங்கே போடுவது?

ஆனையிறவில் நின்றுபோன எதைப் பற்றிக் கேட்டாலும் போர் என்று ஒரே சொல்லில் பதில் வரும். உப்பளம் 1990இல் நின்றதற்கு அது பதில். யாழ்தேவி ரயில் அதே வருடம் ஜூனில் நின்றதற்கும் அது பதில். ஆற்றுக்கு அது பதில் இல்லை. வாய்க்கால் நின்றபோது ஆனையிறவில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆனையிறவுப் படைத்தளத்தை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்ட 1991 ஜூலைக்கு இன்னும் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. வாடிவீட்டில் பயணிகள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த காலம் அது.

போர் செய்தது வேறு. மறுபடி தொடங்க முடியாதபடி அந்த மண்ணைப் பூட்டியது.

அப்படியானால் காரணம் என்ன? கொழும்பில் வடக்குக்குப் பணம் ஒதுக்கும் மனம் இல்லை என்பது ஒரு காரணம். அதை மறுக்க முடியாது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் கதை முழுமையாகாது. அதே கொழும்பு 1950களில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை கட்டியது. ஆனையிறவு உப்பிலிருந்து அங்கே எரிசோடாவும் குளோரினும் செய்தார்கள். உப்புக்குப் பணம் வந்தது. உப்பு வருடத்துக்கு வருடம் வருமானம் காட்டும் பொருள். நிலத்தடி நீர்மட்டம் ஓர் அடி உயர்ந்ததை எந்தக் கணக்குப் புத்தகத்தில் வரவு வைப்பது?

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பற்றி யாழ்ப்பாணத்தில் குறைவாகத்தான் பேசுவார்கள்.

ஆற்றின் மேல்பக்கம் மாறிக்கொண்டிருந்தது. இரணைமடுக் கட்டு வேலை 1902இல் தொடங்கி 1920களை ஒட்டி முடிந்தது. 1936இல் குடாநாட்டின் நெருக்கத்தைக் குறைப்பதற்காகக் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. காட்டை வெட்டி, மலேரியாவோடு மல்லுக்கட்டி வயல் ஆக்கியவர்கள் அவர்கள். பின்னால் படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. வயல் கூடக்கூடக் குளம் போதவில்லை. 1950களிலும் 1970களிலும் இரணைமடுக் கட்டை உயர்த்தினார்கள். கட்டு ஓர் அடி உயர்ந்தால் வான் பாய்வது அந்த அளவுக்குக் குறையும். வான் பாய்வது குறைந்தால் ஆனையிறவு நீரேரிக்கு வருவதும் குறையும்.

யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று எழுதிய அதே காலத்தில், அந்த ஆற்றைக் கிளிநொச்சிக் கமக்காரர் தங்கள் வாய்க்காலில் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலருடைய தகப்பன்மார் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

இயக்கச்சிக் கிணறுகள்

இங்கே ஒரு நிமிடம் கதையை முன்னே ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் சண்டையை இத்தொடர் பின்னால் தனியாகப் பார்க்கும். இப்போதைக்கு ஒரே ஒரு விவரம், நன்னீராகாமல் போன இதே நீரேரியின் கரையில் நடந்தது.

ஆனையிறவுப் படைத்தளம் இலங்கையிலேயே பலமான தளங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. 1991இல் ஒரு மாத முற்றுகையைத் தாங்கியது. இரண்டு பக்கமும் தண்ணீர்தான்; குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. குடிதண்ணீர் வடக்கே இயக்கச்சிக் கிணறுகளில் இருந்து வந்தது. 2000 மார்ச் 26இல் புலிகள் குடாரப்பில் தரையிறங்கி வடக்குப் பக்கத்தால் வளைத்தார்கள். ஏப்ரல் 22இல் இயக்கச்சி போனது. சித்திரை வெயில். அதற்குப் பிறகு ஆனையிறவில் தங்க முடியவில்லை; படையினர் பின்வாங்கினார்கள். 2009 ஜனவரியில்தான் இராணுவம் அங்கே திரும்பி வந்தது.

வெள்ளம் கேட்காமல் வரும்

ஆறு மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 2018 டிசம்பர் 21 இரவு வன்னியில் கொட்டிய மழையில் இரணைமடு நிரம்பி வழிந்தது. வான்கதவுகள் திறந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் தண்ணீர். கதவைத் திறந்த நேரம் சரியா பிழையா என்று பிறகு விசாரணை வரை போனது. கண்டாவளைப் பக்கத்து வயல்களை மூடிக்கொண்டு வந்த அந்த வெள்ளம் ஆனையிறவு நீரேரியை நிரப்பிச் சுண்டிக்குளத்தால் கடலில் இறங்கியது.

ஆறு இப்படிக் கடலுக்குப் போக, யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கடைசியில் எங்கிருந்து வந்தது? 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. முள்ளியான் இருக்கும் அதே வடமராட்சி கிழக்கில்தான் தாளையடியும் இருக்கிறது. ஆற்று நீர் கடலில் கலக்கும் கரையோரத்திலேயே, கடலில் இருந்து நன்னீரைப் பிரித்து எடுக்கிறோம். மின்சாரம் செலவழித்து.

ஆனால் தாளையடிக்கு முன்னால் வேறொன்று நடந்தது. போர் முடிந்த கையோடு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் ஒரு திட்டம் வந்தது: இரணைமடுவைத் திருத்தி, அங்கிருந்து குழாயில் யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது. கிளிநொச்சிக் கமக்காரர் எழுந்து நின்றார்கள். சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் கொடுக்க முடியாத குளத்தில் இருந்து எதைக் கொடுப்பது என்று கேட்டார்கள். 2013இல் வந்த வடமாகாண சபைக்குள்ளும் அந்தப் பிணக்கு நுழைந்தது. தமிழர் வாக்கால் வந்த சபை, இரண்டு பக்கமும் தமிழர்.

1954இல் ஆறுமுகம் கேட்டது குளத்துக்குக் கீழே, வான் பாய்ந்து கடலுக்குப் போகும் தண்ணீரை. வங்கியின் திட்டம் கேட்டது குளத்துக்குள் நிற்கும் தண்ணீரை. இரண்டும் ஒரே ஆறு. இரண்டும் ஒரே கோரிக்கை அல்ல. கிளிநொச்சியில் அந்தக் கூட்டங்கள் சூடாக நடந்துகொண்டிருந்தபோது, முள்ளியானில் வெட்டாமல் விட்ட அந்தக் கடைசித் துண்டைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா? திறந்திருந்தால், கமக்காரரின் பதில் அப்போதும் அதுவாகவே இருந்திருக்குமா?

(அடுத்த வாரம்: இரணைமடுக் கட்டின் மேல்)